தொலைந்த கடவுச்சீட்டு: ஒரு வரலாற்று நோக்கு

அயல்நாட்டு நகரம் ஒன்றில் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, கடவுச்சீட்டைக் காணாது திகைத்து நிற்கும் பயணியின் நிலை விந்தையானது. அவருடைய உடலுக்கு ஊறு ஏதும் நேரவில்லை. பெயர் மாறவில்லை, தாய்மொழி மறக்கவில்லை, பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் கேட்டால் உடனே சொல்வார். பணம்கூடப் பத்திரமாக இருக்கலாம். ஆயினும் நாடு திரும்ப விமானம் ஏறவோ, அந்நாட்டில் தங்கியிருக்கத் தமக்கு உரிமை உண்டென மெய்ப்பிக்கவோ அவரால் இயலாது. நேற்றுவரை அவர் சொல்லை ஐயுறாத உலகம், இன்று அதே சொல்லுக்குச் சான்று கேட்கிறது.

சில தாள்களைக் கோத்துத் தைத்த ஒரு சிறு புத்தகம் இத்துணை வல்லமை பெற்றது எவ்வாறு? கடவுச்சீட்டின் வரலாற்றை அதனை வழங்கிய அரசுகளின் பக்கம் நின்று எழுதலாம். அதனை இழந்த மனிதரின் பக்கம் நின்றும் எழுதலாம். இக்கட்டுரை இரண்டாவது பக்கத்தில் நிற்க முயல்கிறது. அங்கு நின்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒருவரை இன்னார் என்று அறிந்து சொல்லும் மனித சாட்சிக்கு மாற்றாகவே சீட்டு வந்தது. சீட்டு தொலைந்தபோதெல்லாம் மீண்டும் அந்தச் சாட்சியையே தேட வேண்டியதாயிற்று. சாட்சி கிடைத்தோர் வீடு திரும்பினர்; கிடைக்காதோர் வாயிலிலேயே நின்றனர்.

முத்திரையும் அபயக் கடிதமும்

வழிச்சீட்டு நம் நாட்டுக்குப் புதியதன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இரண்டாம் அதிகரணத்தில் முத்திரை அதிகாரி ஒருவரைக் குறிப்பிடுகிறது. ஒரு மாஷகம் கட்டணம் பெற்று முத்திரைச் சீட்டு வழங்குவது அவர் பணி. சீட்டின்றி நாட்டுக்குள் வரும் அல்லது வெளியேறும் உள்நாட்டாருக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். பொய்ச்சீட்டு காட்டுவோருக்குத் தண்டம் அதனினும் பெரிது; அவர் அயல்நாட்டாராயின் மிகப் பெரிது. சீட்டு இல்லாமை சிறு குற்றமாகவும், பொய்ச்சீட்டு பெருங்குற்றமாகவும் கருதப்பட்டமை நோக்கத்தக்கது. இன்றைய சட்டங்கள் பலவற்றிலும் இவ்வேறுபாடு நின்று நிலவுகிறது.

தமிழகத்தில் பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அதிகாரிகள், துறைமுகத்துப் பண்டங்களின்மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பொறித்தனர். அங்கு முத்திரை பெற்றவை மூட்டைகள். மூட்டைக்கு வாய் இல்லை. அது தன்னை இன்ன நாட்டது என்று சொல்லிக்கொள்ள இயலாது. ஆகவே அதற்கு முத்திரை தேவைப்பட்டது. பிற்காலத்தில் வாயுள்ள மனிதனுக்கும் அதே நிலை வந்தது.

இடைக்கால ஐரோப்பாவில் அரசர்கள் அபயக் கடிதம் வழங்கினர். இங்கிலாந்தில் ஐந்தாம் ஹென்றி காலத்தில், 1414இல், அத்தகைய கடிதம் பெற்றோருக்குத் தீங்கிழைப்பதைக் கடுங்குற்றமாக்கிய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. இக்கடிதங்களில் படம் இல்லை. கொண்டுவருபவர்தாம் அதில் குறிக்கப்பட்டவர் என்பதற்கு அவர் சொல்லும், உடன் வருவோர் சொல்லும், அவரது உடையும் நடையுமே சான்று. அந்த நம்பிக்கையில் இருந்த ஓட்டையை ஐரோப்பா பின்னர் இரண்டு நிகழ்ச்சிகளில் உணர்ந்தது. இரண்டுமே தொலைந்ததாகச் சொல்லப்பட்ட சீட்டுகளைப் பற்றியவை.

எரிந்ததாகச் சொல்லப்பட்ட சீட்டு

பிரெஞ்சுப் புரட்சியின் இரண்டாம் ஆண்டு முடியும் வேளையில், பாரிசில் வாழ்ந்த கொர்ஃப் சீமாட்டி என்னும் பெண்மணி ருஷியத் தூதருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதினார். வேண்டாத தாள்களை எரிக்கும்போது தம் பயணச்சீட்டையும் தவறுதலாகத் தீயிலிட்டுவிட்டதாகவும், அதற்கு மாற்றுச் சீட்டு பெற்றுத் தரவேண்டும் என்றும் அதில் கோரியிருந்தார். தூதர் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சரிடம் கேட்டு வாங்கித் தந்தார். சீமாட்டியும் இரு குழந்தைகளும் பணியாட்களும் பிராங்பர்ட் நகருக்குச் செல்ல அச்சீட்டு அனுமதி அளித்தது.

சீட்டு எரிந்ததென்பது ஒரு சாக்கு. 1791 ஜூன் 20ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அந்த இரண்டாம் சீட்டுடன் பாரிசை விட்டுப் புறப்பட்ட வண்டியில் இருந்தவர்கள் பதினாறாம் லூயி மன்னரும் அவர் குடும்பத்தாருமே. அரச குழந்தைகளின் செவிலித்தாய் சீமாட்டியாக நடித்தார். அரசி குழந்தைகளின் ஆசிரியையாக மாறினார். மன்னர் பணியாள் வேடம் பூண்டார். அரசனின் பெயரால் வழங்கப்பட்ட சீட்டில் அரசனே வேலையாளாக ஒளிந்துகொண்டார்.

மறுநாள் இரவு வாரென் என்ற சிற்றூரில் வண்டி நிறுத்தப்பட்டது. சீட்டைப் படித்துப் பார்த்தவர்களுள் சிலர் அது முறையாகவே உள்ளதென்று கருதினர். ஆயினும் ஐயம் தீரவில்லை. வெர்செயில் முன்னர் வாழ்ந்திருந்த உள்ளூர் நீதிபதி ஒருவரை அழைத்து வந்தனர். அவர் மன்னரைக் கண்டதும் அடையாளம் கண்டு வணங்கினார்; வேடம் கலைந்தது. தாள் சொன்ன பொய்யை மனிதக் கண் உடைத்தெறிந்தது.

இதன் பின்னர் பிரான்சில் பயணச்சீட்டு விதிகள் இறுகின. 1792 தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டு வேண்டுமென்றும், அதில் வயது, தொழில், உருவக் குறிப்பு முதலியன எழுதப்பட வேண்டுமென்றும் விதித்தது. சீமாட்டி ஒருவரின் சீட்டில் பெயரில்லாப் பணியாட்களாகப் பலர் பயணம் செய்யும் வழக்கம் ஆபத்தானது என்பதை அரசு கற்றுக்கொண்டது.

பெர்லினில் காணாமற்போன சீட்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருப்புப்பாதைகள் பெருகின. வண்டி வண்டியாக வந்திறங்கிய மக்களின் சீட்டுகளை எல்லையில் நிறுத்திப் படிப்பது இயலாததாயிற்று. வட ஜெர்மானியக் கூட்டரசு 1867இல் பயணச்சீட்டுக் கட்டாயத்தை நீக்கிச் சட்டம் செய்தது. வேறு நாடுகள் பலவும் விதிகளைத் தளர்த்தின. 1881இல் வியன்னாவில் பிறந்த எழுத்தாளர் ஸ்டீபன் ஸ்வைக், முதல் உலகப் போருக்கு முன்னர்த் தாம் கடவுச்சீட்டு இன்றியே இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று வந்ததைத் தம் நினைவு நூலில் பதிவு செய்துள்ளார். காலனி நாடுகளின் உழைப்பாளிகளுக்கு அத்தகைய சுதந்தரம் இருந்ததில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது இந்நிலை மாறியது. அப்போது பெர்லினில் இருந்த சார்ல்ஸ் இங்கிலிஸ் என்னும் அமெரிக்கப் பயணி, வெளியேற அனுமதி வேண்டித் தம் கடவுச்சீட்டை ஜெர்மானிய வெளியுறவு அலுவலகத்தில் ஒப்படைத்தார். அது அங்கே காணாமற்போயிற்று என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சில நாட்களில் அதே சீட்டுடன், அதே பெயருடன், ஒருவர் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் வந்திறங்கினார். அவர் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானிய உளவாளி. சீட்டு போலியன்று; உண்மையான அமெரிக்க ஆவணமே. அதில் படம் இல்லாமையால் ஆங்கிலம் நன்கு பேசிய லோடி எளிதில் இங்கிலிஸ் ஆனார். அக்டோபர் தொடக்கத்தில் அயர்லாந்தில் பிடிபட்ட அவர், 1914 நவம்பர் 6ஆம் நாள் இலண்டன் கோபுரக் கோட்டையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1914 இறுதியிலும் 1915இலும் அமெரிக்காவும் பிரிட்டனும் கடவுச்சீட்டில் புகைப்படம் ஒட்டப்பட வேண்டும் என்று விதித்தன. பிற நாடுகளும் பின்தொடர்ந்தன. நாம் இன்று புகைப்படக் கடையில் சிரிக்காமல் அமர்ந்து எடுத்துக்கொள்ளும் படத்தின் பின்னணியில், தொலைந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு சீட்டும் அதனால் உயிரிழந்த ஒரு மனிதனும் இருப்பதை நாம் நினைப்பதில்லை. சீட்டை இழந்த இங்கிலிஸுக்கு நேர்ந்தது இடையூறு. ஆனால் அச்சீட்டு பிறர் கையில் போர்க்கருவி ஆயிற்று. சீட்டைத் தொலைத்தவரையே அரசுகள் ஐயத்துடன் நோக்கும் வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

போர்க்காலத்துத் தற்காலிக ஏற்பாடு போர் முடிந்தும் நீங்கவில்லை. 1920 அக்டோபரில் பாரிசில் உலக நாடுகள் சங்கம் கூட்டிய மாநாடு, கடவுச்சீட்டுக்குப் பொது வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு பக்கங்கள், அவற்றுள் முதல் நான்கு பக்கங்களில் உரியவரின் விவரம், நாட்டு மொழியுடன் பிரெஞ்சு மொழி, அட்டையில் நாட்டின் பெயரும் சின்னமும் என்பன அப்பரிந்துரையின் கூறுகள். கட்டுப்பாடுகள் விரைவில் முற்றாக நீங்கும் என்ற நம்பிக்கையையும் அம்மாநாடு வெளியிட்டது. நம்பிக்கை பொய்த்தது, வடிவம் நிலைத்தது. அதே 1920இல் இந்தியாவிலும் கடவுச்சீட்டுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, நாட்டுக்குள் நுழைவோர் கடவுச்சீட்டு வைத்திருக்க வேண்டுமென விதிக்க அரசு அதிகாரம் பெற்றது.

சீட்டன்று, நாடே தொலைந்தபோது

சீட்டை மட்டும் இழந்தவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. தம் நாட்டுத் தூதரகத்தின் கதவைத் தட்டலாம். அக்கதவும் இல்லாதவர் என் செய்வர்?

1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறி அயலில் வாழ்ந்த ருஷியர்களின் குடியுரிமையை அது பறித்தது. இலட்சக்கணக்கானோரின் பழைய கடவுச்சீட்டுகள் அவர்கள் கையில் இருந்தபடியே வெற்றுத் தாள்களாயின. வழங்கிய அரசு இல்லை. புதிய அரசுக்கு அவர்கள் வேண்டாதவர்கள்.

துருவ ஆய்வாளரும் அகதிகளுக்கான உயர் ஆணையருமான நார்வே நாட்டு பிரிட்யோப் நான்சென் இதற்கு வழி கண்டார். 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய மாநாட்டின் விளைவாக, நாடற்ற ருஷியர்களுக்கு அடையாளச் சான்றிதழ் வழங்கும் முறை தோன்றியது. மக்கள் அதனை நான்சென் கடவுச்சீட்டு என்றே அழைத்தனர். 1924இல் ஆர்மீனியர்களுக்கும், பின்னர் வேறு சில மக்களுக்கும் அது விரிந்தது. ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர் அதனைப் பெற்றனர். ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. இசைமேதை ஸ்திராவின்ஸ்கி, ஓவியர் ஷகால், நாவலாசிரியர் நபகோவ் ஆகியோர் அச்சீட்டுடன் வாழ்ந்தவர்கள். நான்செனுக்கு 1922இல் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அச்சீட்டுக்கும் குறை இருந்தது. தொடக்கத்தில் அது வெளியேற உதவியதேயன்றி, வழங்கிய நாட்டுக்குத் திரும்பி வரும் உரிமையை அளிக்கவில்லை. ஆயினும் வரலாற்றில் அது ஒரு திருப்பம். ஒருவருக்கு நாடு இல்லை என்பதற்காக அவர் மனிதர் இல்லை என்று ஆகிவிடாது என்னும் கருத்து அதன்வழி ஆவண வடிவம் பெற்றது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையும், 1954ஆம் ஆண்டின் நாடற்றோர் உடன்படிக்கையும் அதன் வழிவந்தவையே.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. முன்னர்ச் சீட்டின்றி உலகைச் சுற்றிய அதே ஸ்வைக், அப்போது இலண்டனில் இருந்தார். அவரது ஆஸ்திரியக் கடவுச்சீட்டு ஒரே நாளில் பொருளற்றதாயிற்று. நாடற்றவருக்கான தாள் ஒன்றைப் பிரிட்டிஷ் அலுவலகத்தில் அவர் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. முன்பு உரிமையாகக் கருதியது இப்போது சலுகையாக வந்ததை அவர் மிகுந்த வேதனையுடன் எழுதினார். திருடன் எவனும் அவர் பையைத் தொடவில்லை. சீட்டு பத்திரமாகவே இருந்தது. இழப்பு வேறு வகையில் நேர்ந்தது.

வாயிலில் நின்ற பதினெட்டு ஆண்டுகள்

சட்டங்கள் இருந்தும் ஒரு மனிதர் இடுக்கில் சிக்கக்கூடும் என்பதற்கு மெஹ்ரான் கரிமி நாசெரியின் வாழ்க்கை சான்று. ஈரானியரான அவருக்கு 1981இல் பெல்ஜியம் அகதி நிலை வழங்கியது. 1988இல் பிரிட்டன் செல்லும் வழியில் பாரிசில் ஆவணங்கள் இருந்த பை களவு போயிற்று என்பது அவர் கூற்று. ஆவணம் இல்லாமையால் இலண்டன் விமான நிலையம் அவரைப் பாரிசுக்கே திருப்பி அனுப்பியது. பாரிசின் சார்ல் த கோல் விமான நிலையம் அவருக்கு உறைவிடமாயிற்று.

அவர் முறைப்படி விமான நிலையத்துக்குள் வந்தவர் ஆதலின் வெளியேற்ற இயலாது என்று 1992இல் பிரெஞ்சு நீதிமன்றம் கூறியது. ஆனால் பிரான்சுக்குள் நுழைய அனுமதிக்குமாறு ஆணையிட அதனால் இயலவில்லை. மாற்று ஆவணம் வழங்கப் பெல்ஜியம் அவர் நேரில் வரவேண்டும் என்றது. அவர்தாம் நாசெரி என்பதை நேரில் கண்டே உறுதி செய்ய வேண்டுமாம். ஆவணமின்றி அவரால் பெல்ஜியம் செல்ல இயலாது. செல்லாமல் ஆவணம் பெற இயலாது. ஆண்டுகள் கழிந்து ஆவணங்கள் வந்தபோது, அவற்றில் ஈரானியர் என்றும் பழைய பெயராலும் தாம் குறிக்கப்பட்டிருப்பதைக் காட்டிக் கையொப்பமிட மறுத்தார். 2006இல் நோயுற்று மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படும் வரை, பதினெட்டு ஆண்டுகள் அவர் அங்கேயே வாழ்ந்தார். வாழ்வின் இறுதியில் மீண்டும் அந்நிலையத்துக்கே வந்து, 2022 நவம்பரில் அங்கேயே இறந்தார்.

அவரது மனநிலை குறித்துப் பலவாறு பேசினர். காத்திருப்பு அம்மனநிலைக்கு எவ்வளவு காரணம் என்பதை யார் அளந்து சொல்ல வல்லார்? தாள் இல்லாத மனிதரைப் பேணத் தாள் மட்டுமே அறிந்த அலுவலகங்களுக்குத் தெரியவில்லை என்பது மட்டும் தெளிவு.

துண்டும் தகரமும்

நம்மவர் வரலாற்றிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. தமிழகத்திலிருந்து இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளிகள் 'துண்டு' என்ற சொல்லை நன்கறிவர். கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்ட கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கலாம் என்று தோட்டத்துரை எழுதித் தந்த சீட்டே துண்டு. துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் புதிதாக வருவோர்க்கு எண் பொறித்த தகரவில்லையும் தரப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்து மூட்டைக்கு இருந்த முத்திரையைப் போன்றது இது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பின்னர் நேர்ந்தது அதனினும் கொடிது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்பதையோ, பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்தவர் என்பதையோ மெய்ப்பிக்கச் சொன்னது. லயக் காம்பராக்களில் பிறந்து மடிந்த முன்னோருக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? மலையகத் தமிழருள் மிகப் பலர் நாடற்றோர் ஆயினர். 1964 அக்டோபரில் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் ஏற்பாடு. 1974இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே குடியுரிமை அளித்தது. கடவுச்சீட்டைத் தொலைத்தவரின் தவிப்பு சில வாரங்களில் தீரும். தொலைப்பதற்குக்கூடச் சீட்டில்லாத இவர்களின் தவிப்பு ஐம்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

புத்தகம் அரசுடையது, பயணம் மனிதருடையது

விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் இருபது ஆண்டுகள் கடவுச்சீட்டு வழங்குவதை முறைப்படுத்தும் சட்டம் இல்லை. வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம். 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்தரத்தில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளுள் மூவர் இம்முடிவுக்கு வந்தனர், இருவர் மாறுபட்டனர். அதன் விளைவாக அவ்வாண்டு ஜூனில் கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, அவ்வுரிமையைப் பறிக்கும் நடைமுறையும் நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்று நிலைநாட்டியது.

அச்சட்டத்தின் இரண்டு கூறுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதன. 17ஆம் பிரிவின்படி, கடவுச்சீட்டு எக்காலத்தும் நடுவண் அரசின் சொத்து. நம் பெயரும் படமும் உடையதாயினும் அப்புத்தகம் நம்முடையதன்று. ஆகவே அதனைத் தொலைத்தவர் அரசின் பொருளைத் தொலைத்தவர் ஆகிறார். விளக்கம் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. மறுபுறம் 4ஆம் பிரிவு, இந்தியாவுக்குள் நுழைய அனுமதிக்கும் அவசரச் சான்றிதழ் என்ற ஆவணத்துக்கு இடம் தருகிறது. புத்தகம் போனாலும் பிள்ளை வீடு திரும்ப வழி உண்டு என்பதே அதன் பொருள். 1963ஆம் ஆண்டின் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையும், தம் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டும் பயண ஆவணங்களும் வழங்குவதைத் துணைத்தூதரகங்களின் பணிகளுள் ஒன்றாக வகுத்துள்ளது.

இவ்வேற்பாட்டுக்குப் பெருஞ்சோதனை 1990இல் வந்தது. ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கு ஏறத்தாழ 1,70,000 இந்தியர் இருந்தனர். கேரளத்தாருடன் தமிழரும் அவர்களுள் இருந்தனர். வேலைக்குச் சேர்ந்தவுடன் கடவுச்சீட்டை முதலாளியிடம் ஒப்படைப்பது வளைகுடாவின் வழக்கமாக இருந்தது. முதலாளிகள் பலர் நாட்டை விட்டு ஓடினர்; சீட்டுகள் பூட்டிய பெட்டிகளில் கிடந்தன. பாக்தாத் வழியாகப் பாலைவனம் கடந்து ஜோர்தானின் அம்மான் நகரை அடைந்தோருள் கடவுச்சீட்டு இல்லாதோர் பலர். அவர்களுக்குத் தற்காலிகப் பயண ஆவணங்கள் வழங்கப்பட்டன. ஐம்பத்தொன்பது நாட்களில் 488 முறை விமானங்கள் பறந்து மக்களைத் தாயகம் சேர்த்தன. அந்நெருக்கடியில் அதிகாரி நம்ப வேண்டியிருந்தது தாளையன்று. எதிரே நின்றவரின் பேச்சையும் உடன் வந்தவரின் சொல்லையுமே.

முதலாளி எடுத்து வைத்துக்கொள்ளும் சீட்டும் தொலைந்த சீட்டுக்கு ஒப்பானதே. கத்தார் நாட்டின் 2015ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளி எழுத்துமூலம் வேண்டினாலன்றி அவர் கடவுச்சீட்டை முதலாளி வைத்திருத்தலைத் தடுத்துத் தண்டமும் விதித்தது. சட்டம் ஏட்டில் இருப்பதும், ஏட்டைக் காட்டிக் கேட்கும் துணிவு ஏழைத் தொழிலாளிக்கு இருப்பதும் வேறு வேறு.

இழந்தவர் செய்வதும் வரலாறு சொல்வதும்

இன்று அயல்நாட்டில் கடவுச்சீட்டை இழந்த இந்தியர் செய்யவேண்டியவை சில. முதலில் உள்ளூர்க் காவல் நிலையத்தில் முறையிட்டு அதற்குச் சான்று பெறவேண்டும். பின்னர் இந்தியத் தூதரகத்துக்கோ துணைத்தூதரகத்துக்கோ சென்று, எவ்வாறு இழந்தார் என்பதை எழுத்தில் தந்து, பழைய சீட்டின் எண்ணும் நாளும் படியும் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயே வாழ்பவர் புதிய கடவுச்சீட்டு பெறுவார். உடனே திரும்ப வேண்டியவர் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் பெறுவார். சீட்டுடன் போன விசாவுக்காக அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்தையும் அணுக நேரும்.

இப்படிகள் ஒவ்வொன்றும் மேலே கண்ட வரலாற்றின் தடத்தில் அமைந்தவை. காவல்துறையில் முறையீடு கேட்பது, இங்கிலிஸின் சீட்டு இன்னொரு லோடியின் கையில் சேராதிருக்க. தொலைந்தது எவ்வாறு என்று விளக்கம் கேட்பது, இன்னொரு கொர்ஃப் சீமாட்டி இரண்டாம் சீட்டு பெறாதிருக்க. இன்டர்போல் 2002இல் தொலைந்த, களவுபோன பயண ஆவணங்களுக்கெனத் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கியது. தொலைந்ததாக அறிவித்த சீட்டு பின்னர்த் தலையணைக்கு அடியில் கிடைத்தாலும் அதனைக் கொண்டு பயணம் செய்யலாகாது. செய்தால் இடைவழியில் தடுக்கப்பட நேரும். ஆனால் தரவுத்தளம் இருந்தால் மட்டும் போதாது. 2014 மார்ச்சில் மறைந்த மலேசிய விமானத்தில், தாய்லாந்தில் முன்னர்க் களவுபோன ஆஸ்திரிய, இத்தாலியக் கடவுச்சீட்டுகளுடன் இருவர் பயணம் செய்திருந்தனர். அச்சீட்டுகள் தரவுத்தளத்தில் பதிவாகியே இருந்தன. புறப்படுமுன் எவரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அவ்விருவருக்கும் விமானம் மறைந்ததற்கும் தொடர்பில்லை என்றே புலனாய்வில் கருதப்பட்டது. புகலிடம் தேடி ஐரோப்பா செல்ல விழைந்த ஈரானிய இளைஞர்கள் அவர்கள்.

படத்தை அடுத்து, இயந்திரம் படிக்கும் எழுத்துவரி வந்தது. அதனை அடுத்து விரல் ரேகையும் சில்லும் வந்தன. சாட்சியைத் தாளிலிருந்து மீண்டும் மனித உடலுக்கே கொண்டுவரும் முயற்சி இது. இதனால் இழந்தவரை விரைவில் அடையாளம் காணலாம். ஆனால் நாசெரியின் இடர் அவர் யார் என்று தெரியாமையால் மட்டும் நீடிக்கவில்லை. அவருக்குப் பொறுப்பேற்க யாரும் முன்வராமையால் நீடித்தது. மலையகத்தாரை யாரென்று எல்லோரும் அறிந்திருந்தனர். எம்மவர் என்று சொல்லத்தான் இரு நாடுகளும் தயங்கின. அறிதல் வேறு, ஏற்றல் வேறு. கருவிகள் முன்னதைச் செய்யும்; பின்னதை அரசுகளும் மனிதருமே செய்தல் வேண்டும்.

ஆகவே பயணம் செல்வோர் கடவுச்சீட்டின் படியைத் தனியே வைத்துக்கொள்வதும், வீட்டில் ஒன்று விட்டுச் செல்வதும், எண்ணைக் குறித்துக்கொள்வதும் நன்று. செல்லும் ஊரில் தம்மை அறிந்தவர் ஒருவரையேனும் தேடிக்கொள்வது அதனினும் நன்று. அச்சிட்ட ஆவணங்கள் எல்லாம் போன பின்னர்த் தூதரக அலுவலர் கேட்கும் கேள்வி மிகப் பழையது: "உம்மை அறிந்தவர் இவ்வூரில் எவரேனும் உளரா?" கௌடில்யரின் காலத்து எல்லைக் காவலரும், வாரென் ஊராரும் கேட்ட கேள்வியே அது. கடல் கடந்த ஊர்களில் தமிழர் கூடி அமைத்துக்கொண்ட சங்கங்களும் வட்டங்களும் பாட்டுக்கும் பேச்சுக்கும் மட்டும் உரியவை அல்ல. சீட்டிழந்து நிற்கும் ஒருவருக்காக, "இவரை நாங்கள் அறிவோம்" என்று சொல்ல நால்வர் இருப்பதும் அவற்றின் பயன். பத்தாண்டு காலம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய நம் இலக்கிய வட்டத்தார் இப்பயனை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளனின் விழைவு.